கெனீஸாவும் ஜனாஸாவும்: கழிந்த காகிதத்தின் வரலாறு

எழுதுவதற்குரிய காகிதத்துக்கு மொழிகள் தோறும் பெயர்கள் மிகுதி. அரபியில் வரக் என்பர், ஸஹீஃபா என்பர், கிர்தாஸ் என்பர். திருக்குர்ஆனின் அல்அன்ஆம் அத்தியாயத்தில் 7ஆம் வசனத்தில் கிர்தாஸ் என்ற ஒருமையும், 91ஆம் வசனத்தில் கராதீஸ் என்ற பன்மையும் வருகின்றன. தமிழில் நாம் வழங்கும் காகிதம் என்ற சொல் பாரசீகக் காகத் என்பதன் உறவு. கடுதாசி என்பது போர்த்துக்கீசியர் வழியாக வந்தது என்பர். அப்படியாயின் கடுதாசிக்கும் கிர்தாஸுக்கும் மூலம் ஒன்றே. இரண்டும் கிரேக்கத்தின் 'கார்த்தேஸ்' என்ற சொல்லில் போய் முடிகின்றன.

எழுதி முடித்து, பயன்தீர்ந்து, கிழிந்துபோன காகிதத்துக்கு என்ன பெயர்? இங்குதான் மொழிகள் தடுமாறுகின்றன. நம் தெருவில் அது 'பழைய பேப்பர்'. எடைக்குப் போகும் பொருள். எகிப்திய நூலகங்களில் கட்டுக் கழன்று ஒன்றோடொன்று கலந்துபோன ஏடுகளின் குவியலுக்குத் 'தஷ்த்' என்று பெயர். கழிவு, உதவாதது என்பதே அதன் பொருள். ஆனால் அதே எகிப்தில், பழைய கெய்ரோவாகிய ஃபுஸ்தாத்தில், வேறொரு சமயத்தார் தம் கழிந்த காகிதத்தை வேறொரு சொல்லால் குறித்தனர். 'கெனீஸா' என்பது அச்சொல். அச்சொல்லின் வரலாற்றையும், அது குறித்த பொருளின் வரலாற்றையும், அவ்விரண்டும் நம் தமிழ் முஸ்லிம்களின் பழைய ஏடுகளுக்குச் சொல்லும் செய்தியையும் இங்கே ஆராய்வோம்.

ஒரு சொல்லின் பயணம்

கெனீஸா எபிரேயச் சொல். மறைத்து வைத்தல், அடக்கம் செய்தல் என்று அதற்குப் பொருள். பாரசீக மொழியில் புதையல், களஞ்சியம் என்று பொருள்படும் 'கன்ஜ்' என்பதே இதன் வேர் என்று மொழியாய்வாளர் கூறுவர். அரபியில் புதையலைக் குறிக்கும் 'கன்ஸ்' என்ற சொல்லையும் இதே வேரிலிருந்து வந்ததாக அவர்களில் பலர் கருதுகின்றனர். அல்கஹ்ஃபு அத்தியாயத்தில் இரண்டு அனாதைச் சிறுவர்களுக்காகச் சுவரின் அடியில் காக்கப்பட்டிருந்த பொருளைக் குறிக்க வருவது இந்தக் கன்ஸ்தான்.

கெனீஸா ஏடுகளை ஆராய்வதற்கே தம் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்ட அரபு மொழிப் பேராசிரியர் கொய்ட்டைன் இன்னொரு உறவையும் சுட்டிக் காட்டினார். நாம் அன்றாடம் வழங்கும் ஜனாஸா என்ற சொல்லும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே என்பது அவர் முடிபு. 'லிஸானுல் அரப்' என்னும் பேரகராதியைத் தொகுத்த இப்னு மன்ளூர் (மறைவு ஹிஜ்ரி 711) ஜனஸ என்ற வினைக்கு மறைத்தல் என்று பொருள் தருவதும் இங்கே நோக்கத்தக்கது. புதையலை மறைப்பதும், மையித்தை அடக்குவதும், பழைய ஏட்டை ஒதுக்கி வைப்பதும் ஒரே வேரின் மூன்று கிளைகளாக நிற்கின்றன. காகிதத்தைத் தஷ்த் என்று சொல்பவர் அதை எறிந்துவிடுகிறார். கெனீஸா என்று சொல்பவர் அதற்கு ஒரு ஜனாஸாவின் மரியாதையைத் தருகிறார்.

ஃபுஸ்தாத்தின் இருட்டறை

ஃபுஸ்தாத் நகரம் ஸஹாபி அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களால் எகிப்து வெற்றியின்போது நிறுவப்பட்டது. அங்குள்ள பென் எஸ்ரா என்னும் யூத ஆலயத்தில், பெண்கள் தொழும் மாடத்தின் கோடியில், வாசலில்லாத ஓர் அறை இருந்தது. உயரத்திலிருந்த ஒரு துளை வழியாகவே அதற்குள் எதையும் இட முடியும். இறைவனின் பெயர் எழுதப்பட்ட ஏட்டைக் குப்பையில் எறியலாகாது என்பது அவர்கள் மரபு. ஆகவே பழுதான ஏடுகளை அந்த அறையில் இட்டுவந்தார்கள். பின்னர் ஒருநாள் எடுத்துப் புதைப்பதே நோக்கம். ஆனால் அந்த 'பின்னர்' பல நூற்றாண்டுகளாக வரவேயில்லை. எகிப்தின் வறண்ட காற்று ஏடுகளைக் காத்தது.

வேத ஏடுகள் மட்டும் அங்கே கிடந்திருந்தால் சமய அறிஞர்களுக்கு மட்டுமே அவை பயன்பட்டிருக்கும். ஃபுஸ்தாத் மக்களோ எபிரேய எழுத்தில் இருந்த எதையும் தயக்கமின்றி அந்தத் துளைக்குள் இட்டார்கள். வணிகக் கடிதங்கள், திருமண ஒப்பந்தங்கள், கடன் பத்திரங்கள், மருந்துக் குறிப்புகள், சிறுவர்களின் எழுத்துப் பயிற்சி ஏடுகள் யாவும் அங்கே சேர்ந்தன. அவற்றில் பெரும்பகுதியின் மொழி அரபி; எழுத்து மட்டுமே எபிரேயம். அரபு மொழி பேசிய ஒரு சமூகம் தன் வேதத்தின் எழுத்தில் அம்மொழியை எழுதியது. அரபு எழுத்தில் தமிழை எழுதிய நம் முன்னோரின் அரபுத் தமிழுக்கு இதைவிட நெருங்கிய உவமை உலகில் காண்பதரிது.

1896ஆம் ஆண்டில் ஆக்னஸ் லூயிஸ், மார்கரெட் கிப்ஸன் என்னும் இரட்டைச் சகோதரியர் கீழை நாடுகளிலிருந்து வாங்கிவந்த ஓர் ஏட்டைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இருந்த சாலமன் ஷெக்டர் என்ற அறிஞரிடம் காட்டினார்கள். அதன் அருமையை உணர்ந்த ஷெக்டர் அவ்வாண்டின் இறுதியில் கெய்ரோ சென்றார். அவர் கொண்டுவந்த துண்டு ஏடுகள் ஏறத்தாழ 1,93,000. பிற நகரங்களின் நூலகங்களுக்குச் சென்றவற்றையும் சேர்த்தால் தொகை சில லட்சங்களைத் தொடும். 1967 முதல் 1988 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்த கொய்ட்டைனின் 'மத்தியதரைக் கடற் சமுதாயம்' என்ற ஆய்வு இந்தக் கழிவிலிருந்தே எழுந்தது. ஃபாத்திமிய, அய்யூபிய கால முஸ்லிம் நாடுகளில் ரொட்டி என்ன விலை விற்றது, மணமகளின் சீர்ப்பெட்டியில் என்ன இருந்தது, ஆசிரியர் என்ன சம்பளம் பெற்றார் என்பனவற்றை நாம் இன்று அறிவது இவ்வேடுகளால்தான். அரசர்களின் வரலாற்றை எழுதிய பெரும் நூல்கள் இவற்றைச் சொல்லாமல் விட்டுவிட்டன.

இன்னொன்றும் கூற வேண்டும். ஃபாத்திமிய கலீஃபாக்களின் அலுவலகத்தார் அரச ஆணைகளை நீண்ட தாள்களில், வரிக்கு வரி பெரும் இடைவெளி விட்டு எழுதுவது வழக்கம். ஆணை காலாவதியானதும் அத்தாளை வெட்டி, வெற்றிடத்திலும் பின்புறத்திலும் பிறர் எழுதிக்கொண்டார்கள். அவ்வாறு மறுபயன் பெற்ற துண்டுகளும் கெனீஸாவில் கிடந்தன. மரீனா ரஸ்டோ என்ற ஆய்வாளர் 2020இல் வெளியிட்ட நூலில் இத்துண்டுகளைக் கொண்டே ஃபாத்திமிய அரசின் ஆவண முறையை விளக்கினார். ஒரு முஸ்லிம் அரசின் ஆவணங்கள் ஒரு யூத ஆலயத்தின் கழிவறையில் உயிர் பிழைத்தன என்பது எண்ணி எண்ணி வியத்தற்குரியது.

ஏலக்காயும் ஒரு கடிதமும்

கெனீஸாவுக்கும் நமக்கும் உள்ள உறவு உவமையளவில் நிற்பதன்று. பொட்டிபுரத்தில் நின்று மேற்கே நோக்கினால் போடி மேற்கு மலை எழுந்து நிற்கிறது. அதற்கப்பால் ஏலமலை. போடிநாயக்கனூரின் வாணிபம் இன்றும் ஏலக்காயைச் சுற்றியே நடக்கிறது. இங்கே ஏலத்தை ஏலம் விடுகிறார்கள். விற்பனையைக் குறிக்கும் ஏலம் என்ற சொல் போர்த்துக்கீசிய 'லெயிலாவ்' என்பதன் திரிபு. அச்சொல்லோ அரபியிலிருந்து போர்த்துக்கீசியத்துக்குச் சென்றது. ஏலக்காயை அரபியில் ஹால் என்றும் ஹைல் என்றும் கூறுவர். ஏலம் என்ற நம் சொல்லே அங்கே அவ்வாறு ஒலிக்கிறது என்பாரும் உளர்.

இந்த மலைத்தொடரின் சரக்கு 12ஆம் நூற்றாண்டில் எவ்வாறு விலைபோனது என்பதைக் கெனீஸாக் கடிதங்கள் சொல்கின்றன. துனீசியாவின் மஹ்தியா நகரைச் சேர்ந்த ஆபிரகாம் பென் யிஜூ என்ற வணிகர் 1132 முதல் 1149 வரையிலான ஆண்டுகளில் பெரும்பகுதியை மங்களூரில் கழித்தார். ஏடனிலிருந்த மத்மூன் என்ற பெருவணிகர் அவருக்கு எழுதிய கடிதங்களில் மிளகு, இரும்பு, பாக்கு, ஏலக்காய் ஆகியவற்றின் கணக்குகள் உள்ளன. ஏலக்காய்க்கு முன்பணம் பெற்றுக்கொண்டு சரக்கை அனுப்பாத 'கார்தார்' ஒருவரைப் பற்றிய வழக்கு பல கடிதங்களில் தொடர்கிறது. முன்பணம் வாங்கியவர் காலம் கடத்துவதும், வெளியூர் வணிகர் கடிதம் மேல் கடிதம் எழுதுவதும் போடி கடைவீதிக்குப் புதியவையல்ல. எழுதியவர் யூதர், கப்பல் தலைவர்களில் முஸ்லிம்கள் பலர், சரக்குத் தந்தவர் இந்நாட்டு இந்து வணிகர். பட்டணசுவாமி என்ற பட்டம் பெற்ற கப்பலுடைமையாளர் ஒருவரின் பெயர் அரபு ஒலிப்பில் 'ஃபத்தன்ஸ்வாமி' என்று அக்கடிதங்களில் இடம்பெறுகிறது.

மேற்குக் கரையில் அக்காலத்தில் நல்ல காகிதம் கிடைப்பதரிது. ஆகவே ஏடனிலிருந்த நண்பர்கள் பென் யிஜூவுக்குக் காகிதத்தையும் அன்பளிப்பாக அனுப்பினார்கள். அவர் தமக்கு வந்த கடிதங்களின் பின்புறத்தையும் ஓரங்களையும் கணக்கெழுதவும் கவிதை எழுதவும் பயன்படுத்தினார். அவர் நாடு திரும்பியபோது அந்தத் தாள்களும் உடன் சென்றன. இறுதியில் ஃபுஸ்தாத்தின் துளைக்குள் விழுந்தன. அமிதாவ் கோஷ் 1992இல் வெளியிட்ட நூல் ஒன்று இவ்வணிகரையும் அவருடைய அடிமையான பொம்மாவையும் உலக வாசகர்க்கு அறிமுகப்படுத்தியது. மங்களூரில் எழுதிய கணக்கு மங்களூரிலேயே தங்கியிருந்தால் மழையும் கரையானும் அதை விட்டுவைத்திருக்குமா? நம் கரையின் வாணிப வரலாற்றில் ஒரு பகுதியை நாம் இன்று கெய்ரோவின் கழிவிலிருந்து படிக்க வேண்டியிருக்கிறது.

நம் மரபில் பழைய ஏடு

எழுத்துக்கு மரியாதை செய்வதில் முஸ்லிம்கள் எவருக்கும் பின்தங்கியவர் அல்லர். இறைநேசர் பிஷ்ருல் ஹாஃபீ (மறைவு ஹிஜ்ரி 227) அவர்களைப் பற்றி இமாம் குஷைரீ எழுதுவது பலரும் அறிந்தது. பாதையில் மிதிபட்டுக் கிடந்த காகிதம் ஒன்றில் அல்லாஹ்வின் திருநாமத்தைக் கண்ட பிஷ்ர், தம் கையிலிருந்த காசுக்கு நறுமணம் வாங்கிப் பூசி, அதை ஒரு சுவரின் பிளவில் வைத்தார். அவருடைய வாழ்வே அன்று மாறிற்று என்பர்.

சுவரின் பிளவு, மேற்கூரையின் இடைவெளி, தூணின் மேலுள்ள மாடம் ஆகியவை முஸ்லிம் உலகெங்கும் பழைய ஏடுகளின் இருப்பிடமாயின. திமிஷ்க்கின் உமையாப் பள்ளிவாசல் முற்றத்தில் தூண்கள் மேல் நிற்கும் சிறு கட்டடத்துக்குக் 'குப்பத்துல் கஸ்னா' என்று பெயர். கஜானாக் கூண்டு என்று அதைத் தமிழாக்கலாம். பொதுநிதியைக் காக்கக் கட்டிய அந்த இடம் பிற்காலத்தில் பழுதான ஏடுகளின் இருப்பிடமாயிற்று. அங்கிருந்த இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஏடுகள் முதல் உலகப் போரின்போது இஸ்தான்புல்லுக்குக் கொண்டு செல்லப்பட்டு, துருக்கிய இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. யமனின் ஸன்ஆ நகர்ப் பெரிய பள்ளிவாசலில் 1972ஆம் ஆண்டு பழுதுபார்ப்பு நடந்தபோது கூரைக்கடியில் மூட்டை மூட்டையாகப் பழைய முஸ்ஹஃப் தாள்கள் வெளிப்பட்டன. அவற்றுள் ஹிஜ்ரி முதல் நூற்றாண்டைச் சேர்ந்த தோலேடுகளும் இருந்தன. நறுமணம் பூசிப் பிளவில் வைத்த அந்த மனப்பான்மையே அவற்றைக் காத்துத் தந்தது.

எனினும் ஃபிக்ஹு நூல்கள் இதை எப்படி நோக்குகின்றன என்பதையும் அறிய வேண்டும். கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்கள் முஸ்ஹஃபைப் படியெடுத்து அனுப்பியபின் ஏனைய ஏடுகளை எரித்துவிடப் பணித்தார்கள் என்பது ஸஹீஹுல் புகாரியில் உள்ள செய்தி. பிற்கால அறிஞர்கள் இதில் கருத்து வேறுபட்டனர். நீரால் கழுவி எழுத்தை அகற்றலாம் என்றனர் சிலர். எரிப்பதே தக்கது என்றனர் சிலர். எரிப்பது மரியாதைக்கு மாறு என்றனர் சிலர். இமாம் ஸுயூத்தீ தம் 'அல்இத்கான்' நூலில் இவற்றைத் தொகுத்துத் தருகிறார். ஹனஃபீ நூல்களில் பழுதான முஸ்ஹஃபைப் புதைக்கச் சொல்லியிருப்பதைக் குறிப்பிட்டு, புதைத்த இடம் காலில் மிதிபடுமே என்ற தயக்கத்தையும் சேர்த்தே பதிவு செய்கிறார். ஹனஃபீ மத்ஹபைப் பின்பற்றும் இராவுத்தர்கள் மிகுந்த நம் கம்பம் பள்ளத்தாக்கு ஊர்களில், தூய துணியில் சுற்றி, கால்படாத இடத்தில் புதைப்பது நன்மரபாகக் கொள்ளப்பட்டது.

முஸ்ஹஃப் அல்லாத நூல்களைப் பற்றி 'துர்ருல் முக்தார்' ஆசிரியர் இமாம் ஹஸ்கஃபீ (மறைவு ஹிஜ்ரி 1088) தனியே விதி கூறுகிறார். பயன் பெறப்படாத நூல்களிலிருந்து அல்லாஹ், மலக்குகள், தூதர்கள் ஆகியோரின் பெயர்களை அழித்துவிட்டு எஞ்சியதை எரிக்கலாம். ஓடும் நீரில் விடலாம். புதைப்பது மிகவும் சிறந்தது என்பது அவ்விதியின் சாரம். இதில் 'பயன் பெறப்படாத' என்ற அடைமொழியை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். விதி புதைப்பதைப் பற்றியது. ஆனால் அதன் வாசலில் ஒரு நிபந்தனை நிற்கிறது. இந்நூலால் இனிப் பயனில்லை என்று சொல்பவர் அந்நூலைப் படித்தறிய வல்லவராயிருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் ஒரு நூலைப் பயனற்றது என்று கூறுவது தீர்ப்பாகாது, அது அறியாமை.

மண்ணுக்குப் போனதும் எடைக்குப் போனதும்

அரபுத் தமிழின் கதை இங்கேதான் தொடங்குகிறது. தமிழின் ட, ண, ள, ழ போன்ற ஒலிகளுக்கு அரபு எழுத்துகளில் குறிகள் சேர்த்து நம் முன்னோர் எழுதினர். தஃப்ஸீர், ஃபிக்ஹு, மவ்லித், மருத்துவம், கதை, சொந்தக் கடிதம், கடைக் கணக்கு என்று அதில் எழுதப்படாத துறையில்லை. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களின் கிதாபுகள் அச்சாகித் தமிழகத்திலும் இலங்கையிலும் வீடுகள்தோறும் ஓதப்பட்டன. குறிப்பாகப் பெண்கள் தீனைக் கற்றது பெரிதும் இவ்வெழுத்தின் வழியேதான். 20ஆம் நூற்றாண்டில் தமிழெழுத்துக் கல்வி பரவியதும் இவ்வெழுத்தைப் படிப்போர் குறைந்தனர்.

படிப்போர் மறைந்தபின் பாட்டியாரின் பெட்டியைத் திறக்கும் பேரப்பிள்ளைகளின் கண்ணுக்கு அதிலுள்ள தாள்கள் எல்லாம் ஒன்றுபோலவே தோன்றுகின்றன. அரபு எழுத்து என்பதால் அது ஓதும் ஏடு என்று கருதி, பயபக்தியோடு பள்ளிவாசலில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். அங்கே சேர்வன எல்லாம் ஒருநாள் மொத்தமாக மையவாடியில் புதைக்கப்படுகின்றன. முஸ்ஹஃபின் தாளோடு ஒரு மருத்துவக் குறிப்பும், ஒரு நாட்டுப்புறக் கதையும், கடல் கடந்து சென்றவர் மனைவிக்கு எழுதிய கடிதமும் ஒரே குழிக்குள் போயிருக்கக் கூடும். அடக்கம் செய்தவரின் நிய்யத்தில் குறையில்லை. ஆனால் கெனீஸாவாக வேண்டியது நேராக ஜனாஸாவாகிவிட்டது. கெய்ரோவில் இடையே நூற்றாண்டுகள் காத்திருக்க ஓர் அறை இருந்தது. நம்மிடம் அது இல்லை.

மறுபுறம், தமிழெழுத்தில் இருப்பவற்றுக்கு இந்த மரியாதையும் கிட்டுவதில்லை. ஜமாஅத்தின் வரவுசெலவுக் குறிப்பேடுகள், பழைய நிகாஹ் பதிவேடுகள், பர்மா, மலாயா, இலங்கை ஆகிய நாடுகளிலிருந்து வந்த கடிதங்கள், நின்றுபோன இதழ்கள் ஆகியவை வீட்டை இடிக்கும்போதோ வெள்ளையடிக்கும்போதோ பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன. அரபெழுத்து மண்ணுக்கும் தமிழெழுத்து எடைக்கும் போய்விட்டால், இம்மலையடிவாரத்தில் முஸ்லிம்கள் எப்போது வந்தார்கள், யாரோடு வாணிபம் செய்தார்கள், எப்படிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள் என்ற வினாக்களுக்கு விடை எங்கிருந்து கிடைக்கும்?

இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. உ.வே.சாமிநாதையர் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குச் சுவடி தேடிச் சென்றபோது, பழுதான ஏடுகள் சாத்திர முறைப்படி நெய்யில் தோய்த்து வேள்வித் தீயில் இடப்பட்டுவிட்டன என்ற பதிலைப் பெற்றதாகத் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். அங்கும் பக்தியே ஏடுகளை அழித்தது. அதே நேரத்தில், தேடிச் சென்றவர்களால் காக்கப்பட்டவையும் உண்டு. உமறுப்புலவரின் சீறாப்புராணம் ஏட்டுப் பிரதிகளிலிருந்து திரட்டப்பட்டு 1842ஆம் ஆண்டு செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அவர்களால் அச்சேறியது. அப்பெரியார் முயன்றிராவிட்டால் நம் தலைசிறந்த காப்பியம் எத்தனை பிழைகளோடு, எத்தனை குறைகளோடு நம்மை வந்தடைந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

செய்யத்தக்கது

ஏலமலையின் ஈரக்காற்று கெய்ரோவின் காற்றன்று. இங்கே ஓர் அறையில் அடைத்து வைத்துவிட்டு ஆயிரம் ஆண்டு காத்திருக்க இயலாது. இரண்டு மழைக்காலங்களில் கரையான் கணக்கை முடித்துவிடும். ஆகவே நம்முடைய கெனீஸா கட்டடமாக அல்லாமல் ஒரு வழக்கமாகவே இருக்க முடியும்.

பள்ளிவாசலுக்கு வரும் பழைய தாள்களைப் புதைக்குமுன் ஒரு நாள் ஒதுக்கிப் பிரிக்க வேண்டும். அச்சிட்ட முஸ்ஹஃபின் தாள்களை ஒருபுறமும் கையெழுத்தில் உள்ளவற்றை மறுபுறமும் வைப்பது எவராலும் இயலக்கூடியதே. கையெழுத்து ஏடுகளையும் கல்லச்சுக் கிதாபுகளையும் அரபுத் தமிழ் படிக்கத் தெரிந்த ஓர் ஆலிமிடம் காட்ட வேண்டும். அரபுக் கல்லூரி மாணவர்களுக்கு இவ்வெழுத்தைச் சில வாரங்களில் பயிற்றுவித்துவிடலாம். அவர்களுக்குப் புதியவை ஒரு சில எழுத்துகளே. முகப்பிலும் இறுதியிலும் உள்ள பெயர், ஊர், ஹிஜ்ரி ஆண்டு, வக்ஃபுக் குறிப்பு ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதிக்கொண்டு, பக்கங்களைப் படமெடுத்துக்கொள்ள வேண்டும். இன்று ஒவ்வொருவர் கையிலும் இருக்கும் கைப்பேசியே அதற்குப் போதும். அதன்பின், உண்மையிலேயே சிதைந்துபோனவற்றை இமாம்கள் கூறிய முறைப்படி மண்ணில் அடக்கம் செய்யலாம். பதிவேடு பள்ளிவாசலில் இருக்கட்டும். தமிழெழுத்துக் கணக்கேடுகளையும் நிகாஹ் பதிவேடுகளையும் இதே வரிசையில் சேர்ப்பது ஜமாஅத் நிர்வாகிகளின் பொறுப்பு.

இதில் மார்க்கத்துக்கு முரணானது எதுவுமில்லை. மையித்தை அடக்குமுன் நாம் குளிப்பாட்டுகிறோம். கடன் உண்டா, வஸிய்யத்து உண்டா என்று கேட்கிறோம். அதன் பின்னரே ஜனாஸாத் தொழுகை. நம் முன்னோரின் ஏடுகளும் கடனையும் வஸிய்யத்தையும் தாங்கியே வருகின்றன. அவற்றைக் கேட்டறியாமல் மண்ணிடுவது அடக்கம் செய்தவர் கடமையை முழுமையாக்காது. இவ்வாண்டு ரமளானுக்கு முன் பள்ளிவாசல்களைத் துப்புரவு செய்யும்போது அலமாரியின் மேல்தட்டில் துணியில் கட்டிக் கிடக்கும் மூட்டையை ஒருவர் அவிழ்த்துப் பார்ப்பாராயின், இக்கட்டுரை எழுதப்பட்ட நோக்கம் நிறைவேறும். வல்ல அல்லாஹ் அதற்குத் தவ்ஃபீக் செய்வானாக.